480-ஐ முந்திய 400

வெளியில் செருகும் பழைய ஹார்ட் டிஸ்குகளின் வேகத்தை ஒப்பிடும்போதெல்லாம் ஒரு கூற்று தவறாமல் வந்துவிடுகிறது. யூஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், ஃபயர்வயர் 400-இன் வேகம் பெயரிலேயே இருக்கிறது, ஆகவே யூஎஸ்பிதான் வேகமானது என்பது அந்தக் கூற்று. எண்களில் பிழையில்லை. சொல்லப்போனால் ஃபயர்வயரின் துல்லியமான அளவு 393.216 மெகாபிட்தான், 400-கூட முழுதாக இல்லை. பிழை இருப்பது முடிவில். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது ஃபயர்வயர் 400 பொதுவாக நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட் வரை எட்டியது. யூஎஸ்பி 2.0 பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே நின்றது. நல்ல சில்லு வாய்த்தால் 35 வரை போனது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பியவர்கள் வேகம் குறைந்ததையே வேகமானது என்று வாங்கிப்போனார்கள்.

480 என்பது கம்பியில் பிட்டுகள் ஓடும் கதி மட்டுமே. எட்டால் வகுத்தால் நொடிக்கு 60 மெகாபைட் வரும். ஆனால் அந்த 60 எந்தக் கோப்புக்கும் கிடைக்காது. யூஎஸ்பி 2.0 நேரத்தை 125 மைக்ரோநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் வகைப் பரிமாற்றத்தில், ஒரு துண்டுக்குள் 512 பைட் கொண்ட பாக்கெட்டுகள் அதிகபட்சம் 13 தான் அடங்கும். நொடிக்கு 8,000 துண்டுகள் என்று பெருக்கினால் உச்சவரம்பு 53 மெகாபைட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஃபயர்வயரின் கம்பி வேகத்தையும் அதேபோல வகுத்தால் 49. அதற்கும் தலைப்புத் தகவல் போன்ற செலவுகள் உண்டு. ஆனால் அதன் பாக்கெட் 2,048 பைட் வரை சுமக்கும் என்பதால் அந்தச் செலவு சிறியது. எண்பது மெகாபிட் என்று தோன்றிய இடைவெளி, காகிதக் கணக்கிலேயே ஏறக்குறைய கரைந்துபோகிறது.

மீதியைத் தீர்மானிப்பது யார் எப்போது பேசலாம் என்ற விதி. யூஎஸ்பி 2.0-இல் கருவி தானாக வாய் திறக்க முடியாது. கணினி கேட்க வேண்டும். கருவி தயாராக இல்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும். அதன் மேல் ஓடிய சேமிப்பு நெறிமுறையோ இன்னும் இறுக்கமானது: 31 பைட்டில் ஒரு கட்டளை, பிறகு தரவு, பிறகு 13 பைட்டில் முடிந்தது என்ற பதில். அந்தப் பதில் வந்து சேரும்வரை அடுத்த கட்டளைக்கு இடமில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே கம்பி சும்மா கிடந்தது. ஃபயர்வயரில் கணினி தன் கட்டளைகளை நினைவகத்தில் சங்கிலியாகக் கோத்து வைத்துவிடும். டிஸ்கே அவற்றை எடுத்துப் படித்து, தரவை உரிய நினைவக முகவரியில் நேரே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். கம்பி மெதுவானதாக இருந்தும் அதில் வீணான நேரம் குறைவு. வேறுபாட்டின் உயிர்நாடி இதுதான்.

இது வடிவமைப்பின் குறையல்ல, மட்டமான சில்லுகளின் குறை என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. தொடக்கக்கால ஃபயர்வயர் பெட்டிகளும் மந்தமாகவே இருந்தன. ஆக்ஸ்போர்ட் 911 போன்ற இணைப்புச் சில்லுகள் வந்த பிறகே அவை தம் முழு வேகத்தைக் காட்டின. ஆனால் சில்லு மட்டுமே காரணமென்றால், யூஎஸ்பியை வடிவமைத்தவர்கள் விதிகளில் கைவைத்திருக்கத் தேவையில்லை. 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0, ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் முறையைக் கைவிட்டு, தயாரானதும் கருவியே அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதையொட்டி வந்த யூஏஎஸ்பி நெறிமுறை, பல கட்டளைகளை வரிசையில் நிறுத்த இடம் கொடுத்தது. இரண்டும் பழைய குறைக்கு அவர்களே செய்த பரிகாரங்கள். இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை.

அன்றைய டிஸ்குகளே மெதுவானவை, எனவே எந்தக் கம்பியாக இருந்தால் என்ன என்ற வாதம் மடிக்கணினி டிஸ்குகளுக்குப் பொருந்தும், அதை மறுக்கவில்லை. அதே காரணத்தால்தான், 133 மெகாபைட் பழைய ஏடிஏ கேபிளிலிருந்து 150 மெகாபைட் சாட்டாவுக்கு மாறியவர்கள் பெரிய கோப்புகளை நகலெடுப்பதில் வேறுபாட்டை உணரவில்லை: டிஸ்க் அந்த அளவுக்குத் தரவே இல்லை. ஆனால் 2003 வாக்கில் நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழன்ற மேசைக்கணினி டிஸ்குகள் வெளிவட்டத்தில் 50 மெகாபைட்டைத் தொட்டன. வெளிப்பெட்டியில் இவற்றைப் போட்டவர்களுக்குத் தடையாக நின்றது கம்பிதான்.

கடைசியாகச் சந்தையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 2001-இல் ஃபயர்வயரோடு வந்த ஐபாடின் வரிசையிலேயே, 2005-இன் நானோ பாடல் ஏற்ற யூஎஸ்பியை மட்டும் ஏற்றது என்பது உண்மை. அன்று விண்டோஸ் கணினிகளில் எங்கும் இருந்த துளை யூஎஸ்பி. ஃபயர்வயர் அப்படிப் பரவவில்லை, அதன் சில்லும் விலை கூடியது. நினைவகத்தை நேரே தொட அனுமதித்ததால், தீய நோக்கமுள்ள கருவி ஒன்று கணினியின் நினைவகத்தைப் படித்துவிடக்கூடிய ஆபத்தும் அதில் இருந்தது. ஃபயர்வயர் வழக்கொழிந்ததற்கு விலையும் பரவலும் போதுமான காரணங்கள். வேகத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க ஆதாரம் இல்லை.