அட்டப்பாடி: எடை குறைந்த குழந்தைக்கு ஏன் சீக்கிரம் தொற்று வருகிறது?

ஆனைகட்டி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. கோவைக்காரர்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். 2013-ல் இங்குள்ள இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு 6 சிசு மரணம் மட்டுமே பதிவான கேரளத்துக்குள் (இந்திய சராசரி 28) இப்படியும் ஓரிடம்.

'எடை குறைவு, தாய்க்கு ரத்தசோகை' என்று செய்தியில் படித்திருப்பீர்கள். சரி, எடைக்கும் தொற்றுக்கும் என்ன சம்பந்தம்?

கிருமி நுழைந்ததும் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும் புரதங்கள் நம் ரத்தத்தில் உண்டு. 'காம்ப்ளிமென்ட்' புரதங்கள் என்று பெயர். அம்மாவின் ஆன்டிபாடிகள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடும். இந்தப் புரதங்கள் வராது. குழந்தையின் கல்லீரலே தயாரிக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கே இவற்றில் பல, பெரியவர்களுக்கு இருப்பதில் பாதியோ முக்காலோதான். குறைமாதத்தில் பிறந்தால் இன்னும் குறைவு. போதாக்குறைக்கு, ஆன்டிபாடிகளும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் வந்து சேரும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஈடுகட்டுவது சீம்பால். அதிலுள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம், கிருமிகள் வளரத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சும்மா இல்ல. (சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சமவெளியிலும் இருந்ததுதான், பழங்குடித் தாய்மாரை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.)

ஆனால் சீம்பாலால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க முடியாது. அந்த வேலை கர்ப்ப காலத்திலேயே, சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. ரத்தசோகை உள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரும் வாய்ப்பு அதிகம். 2013-க்குப் பிறகு அட்டப்பாடியில் சமூகச் சமையலறைகள் வந்ததும், கேரள அரசு பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கு 'ஜனனி ஜன்ம ரக்ஷா' திட்டத்தில் மாதாமாதம் பணம் கொடுப்பதும் இதற்காகத்தான். பணம் தாமதமானால் அதை வெறும் நிர்வாகக் கோளாறாகப் பார்க்க முடியாது. எட்டாம் மாதத்தில் வர வேண்டிய தொகை பிரசவத்துக்குப் பிறகு வந்தால் வயிற்றில் இருந்த குழந்தைக்கு அதனால் என்ன பயன்?

இடுக்கியில், மூணாறுக்கு அப்பால் முதுவர்கள் வாழும் இடமலக்குடியில் கஷ்டம் வேறு. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான ஊர் அது. அங்கே நோயாளிகளைக் காட்டுவழியே தோளில் சுமந்து வந்த காலம் நீண்டது. தற்காப்புப் புரதம் குறைவாக உள்ள குழந்தைக்குத் தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம்.