திருகல் இல்லை, இடி
போர்வெல் வண்டி பாறையைத் திருகித் துளைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை, இடிக்கிறது. கம்ப்ரசர் அனுப்பும் காற்று ராடு வழியே இறங்கி, அடியில் இருக்கும் ஹேமரின் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பிட்டின் தலையில் அடிக்க வைக்கிறது. ராடு சுற்றுவது, ஒவ்வொரு அடியும் புது இடத்தில் விழத்தான். பிட்டில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் கருங்கல்லை நொறுக்க, அதே காற்று தூளை மேலே ஊதித் தள்ளும். திருச்செங்கோட்டு வண்டிகள் வடமாநிலங்கள் வரை போய் இதைச் செய்கின்றன, கெட்டிக்காரத் தொழில்தான். எனக்குப் பிடிக்காதது அடிக்கணக்குக் கூலி. ஆழம் கூடக்கூட ரேட்டும் கூடும். 600 அடியில் வெறும் புழுதி பறக்கும்போது, "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாத்துரலாமாண்ணே?" என்பார்கள் வண்டிக்காரர்கள். வீட்டுக்காரர், பூஜை போட்டுத் தேங்காய் உடைத்த இடத்தையே பார்த்தபடி தலையாட்டுவார்.