டோபமைனை அளந்தது யார்?

ரீல்ஸ் பார்த்தால் டோபமைன் ஏறும், ஒருநாள் போனைத் தொடாமல் இருந்தால் இறங்கும் என்று இன்று கூசாமல் சொல்கிறோம். மூளைக்குள் அதை அளப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் இந்தத் துணிச்சல் வராது.

முதலில் வழி திறந்தவர்கள் மின்வேதியியலாளர்கள். 1970களில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் எலியின் மூளையில் மின்முனையை வைத்தார். அவருக்குப் பின் வட கரோலினாவில் மார்க் வைட்மன் போன்றோர் அதை நுட்பமாக்கினார்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள கார்பன் இழை. அதில் மின்னழுத்தம் மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட் வரை ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு நொடிகூட ஆகாது. நொடிக்குப் பத்துச் சுற்று. இழையைத் தொடும் டோபமைன் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை இழக்கிறது. அந்த மின்னோட்டம்தான் கணக்கு. ஆனால், மூளையின் இன்னொரு வேதிப்பொருளான நார்அட்ரினலினும் ஏறக்குறைய இதே தடத்தைத்தான் பதிக்கும். மற்றொரு மூளை வேதிப்பொருளான குளூட்டமேட் எலெக்ட்ரானை எளிதில் விடாது என்பதால் இந்த இழைக்கு அது தென்படுவதே இல்லை.

2018இல் ஒளி வந்தது. கலிபோர்னியாவில் லின் தியனின் குழுவும் பெய்ஜிங்கில் யூலோங் லீயின் குழுவும் டோபமைன் ஏற்பியோடு ஒளிரும் புரதத்தை இணைத்தன. டோபமைன் வந்து ஒட்டினால் வெளிச்சம் கூடும். நார்அட்ரினலினோடு குழப்பம் குறைவு. பரப்பையும் படம் பிடிக்கலாம். ஆய்வகங்கள் இதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆனாலும் வெளிச்சம் கூடியது என்பது வேறு, எத்தனை நானோமோலார் என்பது வேறு. மேலும், அந்தப் புரதத்துக்கான மரபணுவை மூளைக்குள் செலுத்தியாக வேண்டும். எலிக்குச் செய்யலாம்; ஆய்வுக்காக மனிதருக்குச் செய்ய முடியாது. ஆகவே, பழைய கார்பன் இழையைக் கைவிடுவது பெரும் தவறு.

மனித மூளையில் நொடிக்கும் குறைவான இடைவெளிகளில் டோபமைனைப் பின்தொடர அந்த இழைதான் உதவியது. கென்னத் கிஷிடா, ரீட் மாண்டேக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 17 பார்க்கின்சன் நோயாளிகள். மூளை அறுவை சிகிச்சையின் நடுவே, விழித்த நிலையில், முதலீட்டு விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். பதிவானது வெறும் இன்பத்தின் அளவு அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு, அதோடு வேறு முடிவு எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, இரண்டும் அதில் கலந்திருந்தன.

அடுத்த முறை யாராவது உங்கள் டோபமைன் ஏறிவிட்டது என்றால், எந்த மூளையில், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேளுங்கள்.