கண்ணுக்குத் தெரிந்த வரை

வெதுருகுப்பத்தில் ஓய்வாக இருக்கும் ஒருவனுக்கு மூளை அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். படித்தது டிப்ளமா, உழைத்தது ரயில்வே பட்டறை. அந்தப் பட்டறை அனுபவம்தான் எழுதச் சொல்கிறது.

ரயில் பெட்டியின் ஆக்சிலில் விழும் மயிரிழை விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கழுவித் துடைத்து, காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடிப்போம். விரிசலில் பச்சைக் கோடு எழும். கண்ணால் பார்த்து 'சரி' என்று விட்ட ஆக்சில் எத்தனையோ அந்த விளக்கில் மாட்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி. அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர், "கண்ணுக்குத் தெரிந்த வரை எடுத்துவிட்டோம்" என்றார். உள்ளதைச் சொன்னார், அவர்மேல் குறையில்லை. ஒன்பதே மாதத்தில் அதே இடத்தில் கட்டி திரும்பியது. மைத்துனர் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் என்னை விடவில்லை.

மூளைக்கும் விளக்கு இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமினோ லெவுலினிக் அமிலம் என்ற மருந்தை அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுக்கிறார்கள். புற்று அணுக்களுக்குள் அது போர்ஃபைரின் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. நீல ஒளி பட்டால் கட்டி சிவப்பாக ஒளிர்கிறது. ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் நீங்கியவர்கள் நூற்றுக்கு 65 பேர்; சாதாரண ஒளியில் 36 பேர்தான். ஆறு மாதம் வரை கட்டி வளராமல் இருந்தவர்கள் 41, மற்றவர்களில் 21. ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா 2017-இல் இதை அனுமதித்தது.

இதிலும் குறை உண்டு. கட்டியின் ஓரத்தில் அணுக்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் சிவப்பு மங்குகிறது. மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. மேலே ரத்தம் படர்ந்தால் ஒளி மறைந்துவிடும். (கிரீஸ் துடைக்காத ஆக்சில் போல!) அதனால் சிவப்பைக் கண்ணால் மதிப்பிடாமல், நுண்ணிய ஒளியிழைக் கருவியால் அளக்கும் முறையை அமெரிக்காவின் டார்ட்மத் குழுவினர் செய்து பார்த்தார்கள். கண்ணுக்குச் சிவப்பே தெரியாத இடத்திலும் கருவி கட்டியைக் காட்டியது.

நம் நாட்டில் பல டாக்டர்கள் கண் பரிசோதனைக்குப் பயன்படும் ஃபுளோரசீன் சாயத்தை ஊசியில் ஏற்றி, மஞ்சள் வடிகட்டி வைத்த மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். விலை மலிவு. ஆனால் அது அணுவுக்குள் புகுவதில்லை. ரத்தக் குழாய் கசியும் இடத்திலெல்லாம் பரவுகிறது. எது உசத்தி என்று வாதாடுவதைவிட, அளக்கும் கருவியை இங்கேயே மலிவாகச் செய்வதுதான் அவசரம் என்பது என் அபிப்பிராயம்.

முடியாத காரியமா? இதய வால்வையே திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கி 1990-இல் மனிதருக்குப் பொருத்தினார்கள். இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது, எங்களுக்குப் பக்கத்து வேலூரில். திருப்பதியில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. ஒளி வேலை தெரிந்த பிள்ளைகளும் கத்தி பிடிக்கும் டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பட்டறையில் விளக்கின் ஒளியை மீட்டர் வைத்து அளந்த பிறகே ஆக்சிலைத் தொடுவோம். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க யாராவது கூப்பிட்டால், ஏர்ப்பேட்டுக்கு என் செலவிலேயே பஸ் ஏறி வருகிறேன்.