சங்கிலியை மாற்றினால் போதுமா?

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிச் செல்லும் பிரயாணி எவரும் ரிங்லெட்டைத் தாண்டுவதற்குள் ஒரு விசித்திரத்தைக் கவனித்துவிடுவார். சமவெளியிலே பொருட்காட்சிச் சாலைக்கு உரியவையென்று கருதப்படும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இங்கே கோசு மூட்டைகளையும் தக்காளிப் பெட்டிகளையும் உரச் சாக்குகளையும் ஏற்றிக்கொண்டு, சேறும் சரிவுமான பாதைகளில் யாதொரு கூச்சமுமின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. சாயம் வெளுத்தவை, கதவை இழந்தவை, உடல் லேண்ட் ரோவராகவும் உயிர் வேறொரு கம்பெனியின் என்ஜினாகவும் இருப்பவை என்று அவற்றில் பல ஜாதி உண்டு. ஓடாதவை மட்டும் குறைவு. ஓடவைப்பவர்கள் மலையிலுள்ள பட்டறைக்காரர்கள். மலேசியத் தமிழர்கள் போமன் என்று அழைக்கும் மெக்கானிக்குகள். அவர்களுடைய வேலைகளில் மிகுந்த நிதானத்தை வேண்டுவதான ஒன்றை, அதாவது டைமிங் செயினை மாற்றிச் சரியான நிலையில் பூட்டும் வேலையை, வாசகர்களுக்குச் சிறிது விளக்கி, அந்த ஞானத்தை அரசாங்கம் எவ்விதம் மதிக்கவேண்டும் என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

ரோவர் கம்பெனியின் தலைமை என்ஜினியர் மாரிஸ் வில்க்ஸின் யோசனையில் பிறந்த இந்த வண்டி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தார் கண்ணுக்குக் காட்டப்பட்டது. சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 18 அன்று, மலேயா முழுவதற்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டுப் போருக்கு வந்த ராணுவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் வாய்த்திருக்க முடியாது. ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டிகள்தாம் பிற்பாடு மலைத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன என்று இங்கே பெரியவர்கள் சொல்வதுண்டு. யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் நிலவிய எஃகுத் தட்டுப்பாட்டினால் இதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டில் செய்யப்பட்டது. அங்கே பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு, வருஷம் முழுவதும் மூடுபனியும் மழையுமாக இருக்கும் இந்த மலையில் துரு ஏறாத வரமாக அமைந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்துக்கு வண்டி நின்றுபோவது என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய நாள் முதல், செங்குத்தான சரிவுகளில் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதே ஓயாத கவலையாக இருந்துவந்திருக்கிறது. பறித்த கொழுந்துக்கு அப்பொழுதும் சுவாசம் உண்டு. சாக்கிலே திணித்து வைத்தபடி வழியில் நெடுநேரம் கிடந்தால் உள்ளே உஷ்ணம் ஏறி, வாடவைக்கும் தொட்டியை அடைவதற்கு முன்பே சிவந்து கெட்டுப்போகும். ஆகவே, ஏற்றத்தில் திணறி நிற்கும் ஒரு வண்டியின் கோளாறு கடைசியில் கோப்பைக்குள் இருக்கும் தேநீரின் கோளாறாகவே முடிகிறது.

இப்பொழுது என்ஜினுக்கு வருவோம். பெட்ரோல் வகை 1958-இலும் டீசல் வகை 1961-இலும் வந்து, பல்லாண்டு லேண்ட் ரோவரின் உழைப்பாளியாக விளங்கிய 2,286 சி.சி. என்ஜினை உதாரணமாகக் கொள்ளலாம். பிஸ்டன்கள் தள்ளச் சுழல்வது கீழேயுள்ள கிராங்க் ஷாப்ட். வால்வுகளைத் திறந்து மூடும் உந்துகோல்களை இயக்குவது பக்கத்திலுள்ள கேம் ஷாப்ட். இரண்டையும் பிணைப்பது முன்பக்க மூடிக்குள் எண்ணெயில் நனைந்தபடி சுழலும் இரட்டை வரிசைச் சங்கிலி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிப்பவர்களில் ஒருவர் இரண்டு அடி போடும் நேரத்தில் மற்றவர் ஓர் அடி போட்டு, இருவரும் ஒரே கணத்தில் சமத்துக்கு வந்து சேர்கிறார்களே, அப்படி.

இந்தச் சங்கிலி நாளடைவில் நீண்டுவிடுகிறது என்பார்கள். எஃகு இழுபட்டு நீள்வதாக இதற்கு அர்த்தமில்லை. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் வகுத்த உருளைச் சங்கிலியின் அமைப்பே இன்றைக்கும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது: கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள், அவை நுழையும் குழல்கள், குழல்மேல் உருளைகள். ஊசியும் குழலும் உராய்ந்து தேயத் தேய ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழையினும் சிறிய இடைவெளி உண்டாகி, அத்தனையும் கூடிக் கேம் ஷாப்டைச் சில பாகை பின்தங்க வைத்துவிடுகின்றன. இதிலே கவனிக்கத்தக்க சூட்சுமம் ஒன்று இருக்கிறது. சங்கிலிக்கு இழுக்கும் பக்கம் என்றும் தொய்யும் பக்கம் என்றும் இரண்டு பக்கங்கள் உண்டு. ஸ்பிரிங்கினாலும் எண்ணெய் அழுத்தத்தினாலும் வேலை செய்யும் டென்ஷனர் தொய்யும் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறது. தொய்வை அது வாங்கிக்கொள்வதால் சடசடவென்ற சத்தம் அடங்கும். சத்தம் அடங்கியதால் சொந்தக்காரர் மனமும் அடங்கும். இழுக்கும் பக்கத்திலே கூடிய நீளத்தை டென்ஷனரால் யாதொன்றும் செய்ய இயலாது. கேம் ஷாப்ட் பின்தங்கியது பின்தங்கியதுதான்.

டீசல் வகையில் இந்தக் குற்றம் இரட்டிப்பாகிறது. டீசல் பாய்ச்சும் பம்பும் அதே கேம் ஷாப்டிலிருந்து பல்சக்கரத்தின் வழியாகவே சுழற்சி பெறுகிறதாகையால், வால்வுகள் தாமதிப்பதோடு டீசல் பாயும் கணமும் தாமதிக்கிறது. மலையின் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஆனபின் வெண்புகை கக்கும். சுமையோடு ஏறும்பொழுது சோர்ந்துபோகும். "அண்ணே, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று டிரைவர் வந்து நிற்கையில், பம்பைச் சற்றுத் திருப்பிவைத்து முன்னேற்றுவதே சுலபமான வைத்தியம். கொஞ்சகாலம் குணம் தெரியவும் செய்யும். டீசல் நேரம் சரியாயிற்றே தவிர வால்வுகள் தாமதித்தவாறே இருக்கின்றன என்பதை நோயாளியும் அறியான், அவசரக்கார வைத்தியனும் அறியான்.

சங்கிலியின் ஆயுளைக் கிலோமீட்டர்க் கணக்கில் மதிப்பிடுவது இம்மலையைப் பொறுத்தவரை பெரும்பிழை என்று நினைக்கிறேன். கீழ்க்கியரில் ஊர்ந்து காய்கறித் தோட்டத்தின் சரிவில் ஏறும் வண்டி, நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பன்மடங்கு அதிகமாக என்ஜினைச் சுழற்றுகிறது. மூட்டை ஏற்றும்வரையில் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும் நேரமோ எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை. மீட்டரே செத்துக் கிடக்கும் வண்டிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! மணிக்கணக்குத்தான் இங்கே நியாயமான கணக்கு. டீசல் புகைக்கரி கலந்த எண்ணெய் ஊசிக்கும் குழலுக்கும் அரம் என்பதால், சங்கிலியைக் காப்பதற்கு எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றுவதைக் காட்டிலும் மலிவான உபாயம் கிடையாது.

மாற்றும் காலம் வந்தபின் வேலையின் முற்பாதி கழற்றுவது. ரேடியேட்டரையும் அதைத் தாங்கும் முன்பலகையையும் எடுத்து, விசிறியைக் கழற்றி, கிராங்க் முனையில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டும் பெரிய நட்டைத் தளர்த்திப் புல்லியை இழுத்து, முன்மூடியைத் திறந்தால் சங்கிலி தெரியும். என்ஜினை இறக்கத் தேவையில்லை. பலமும் பொறுமையும் உள்ள எந்த இளைஞனும் இதுவரையில் வந்துவிடலாம். பிற்பாதியில்தான் வித்தையே இருக்கிறது. பிளைவீலிலே 'இ.பி.' என்று எழுத்துப் பொறித்த கோடு ஒன்று உண்டு. முதலாவது சிலிண்டரின் புகைவால்வு முழுக்கத் திறந்து உச்சத்தில் நிற்கும் நிலைக்கு அது அடையாளம். கிராங்கை அது சுற்றும் திசையிலேயே திருப்பி அக்கோட்டை முள்ளுக்கு நேராக நிறுத்திவிட்டு, தனியே கேம் ஷாப்டைத் திருப்பி அந்த வால்வை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உச்சத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது சாத்தியமில்லை. ஏனெனில் உச்சத்தை அண்டி வால்வு ஏறக்குறைய அசையாமலே நிற்கும். ஆதலால் நுண்ணிய அசைவையும் அளந்து காட்டும் டயல் கேஜை வைத்து, வால்வு உச்சத்துக்குச் சற்று முன்னே ஓர் அளவில் நிற்கும் இடத்தைச் சக்கரத்தில் குறித்து, உச்சத்தைக் கடந்து மறுபடி அதே அளவுக்கு வரும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுமையத்தை எடுப்பார்கள். பிறகு, இரண்டு ஷாப்டும் அசையாதிருக்க, இழுக்கும் பக்கத்தில் சிறிதளவும் தொய்வின்றிச் சங்கிலியை மாட்ட வேண்டும். பல் பொருந்தவில்லையானால் என் செய்வது? கேம் சக்கரத்தை ஷாப்டில் பூட்டும் சாவிக்காடி ஒன்றுக்கு மேற்பட்டதாக, ஒவ்வொன்றும் சற்றே விலகி வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான். ஒன்றில் பொருந்தாதது மற்றொன்றில் பொருந்தும். இவ்வளவு தூரம் யோசித்துச் செய்துவைத்த ஏற்பாட்டை அறியாமல், பழைய காடியிலேயே சக்கரத்தைத் திணித்துவிட்டு "செயின் புதுசுதானே" என்று மூடியைப் பூட்டுகிறவன் சங்கிலியை மாற்றினானேயொழிய காலத்தைச் சரிசெய்யவில்லை. தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டுவதும் அவ்விதமே; பழைய பல் புதுக் கண்ணியைச் சீக்கிரத்தில் தன்னைப்போல் ஆக்கிக்கொள்ளும்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் ஹேண்டிலை மாட்டி, கையாலே கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, கோடும் வால்வும் மீண்டும் ஒத்து நிற்கின்றனவா என்று சோதிப்பது தேர்ந்த போமனின் லட்சணம். காற்றை இருபத்து மூன்றில் ஒரு பங்காக நெருக்கும் இந்த டீசல் என்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே தாராளம் பண்ணிக்கொள்ள இடமில்லை. கை தடுக்கிற இடத்தில் நின்றுவிட்டால் ஒரு மணி நேர வேலைதான் நஷ்டம். ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டால் தலைப்பாகமே போய்விடும்.

பிற்காலத்து வண்டிகள் வேறு பாடம் கேட்கின்றன. 1984-இல் வந்த 2.5 லிட்டர் டீசலில் சங்கிலி போய் ரப்பர்ப் பட்டை வந்தது. 300 டிடிஐ வகையின் ஆரம்பகால என்ஜின்களில் அந்தப் பட்டை நேர்கோட்டை விட்டு விலகி ஓரம் தேயும் குறை இருந்தது. 1998-இன் டிடி5 வகையில் மறுபடியும் சங்கிலியே திரும்பிவந்தது. தேய்ந்த சங்கிலி பல நாள் முனகிய பிறகே கைவிடும். பட்டையோ அறிவிப்பின்றி அறும். இத்தனை வகையும் ஒரே பட்டறை வாசலில் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் இடம் மலேசியாவில் இதைப்போல் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த ஞானத்தை வைத்திருப்பவர்களில் தோட்டத்து லயங்களில் பிறந்து, பள்ளிப்படிப்பை நடுவிலே விட்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகப் பட்டறைக்குள் நுழைந்த தமிழர்கள் உண்டு. அவர்கள் கையில் பத்திரம் ஒன்றும் இல்லை. பத்திரமில்லாத காரணத்தால் சமவெளியில் பெரிய நிறுவனமொன்றில் வேலை கேட்கப் போனால் உதவியாளராகவே எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். தங்கள் பட்டறையைப் பெரிதாக்கக் கடன் கேட்கப் போனாலும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பறைக்கே போகாமல், முன்பே பெற்ற அனுபவத்தை நிரூபித்துப் பெறுவதற்குப் பி.பி.தி. என்ற மார்க்கம் திறந்தே இருக்கிறது. ஆனால் நிரூபணம் என்பது காகிதக் கோப்பாகத் தொகுக்கப்பட வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் சங்கிலி பூட்டிய கைக்குக் கோப்புத் தயாரிப்பது அந்நியமான கலை. அதுவன்றி, இதற்காக நேரில் அலைவதென்றாலும், பகாங்கைச் சேர்ந்த இம்மலையிலிருந்து மாநிலத் தலைநகரான குவாந்தான் வெகுதூரம். தாப்பா, சிம்பாங் பூலாய் என்ற இரண்டு பெரிய சாலைகளுமே அண்டை மாநிலமான பேராக்கில்தான் இறங்குகின்றன.

இந்தக் கிழட்டு வண்டிகளையே ஒழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கூறுவோரும் உளர். பிரேக் பிடிக்காத, விளக்கு எரியாத வண்டி பொதுச் சாலைக்கு வரக்கூடாது என்பதில் எனக்கு அவர்களோடு பூர்ண சம்மதம். ஆயினும் 2016 ஜனவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில், இவ்வண்டியின் வழிவந்த பழைய டிஃபெண்டரின் உற்பத்தி நின்றபின், அந்தச் சரிவுகளில் அவ்விலைக்கு அவ்வேலையைச் செய்யும் பதில் வண்டி சிறு விவசாயிக்குக் கிடைத்துவிடவில்லை. கிடைக்கும்வரை வண்டிகள் ஓடத்தான் போகின்றன. நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டு ஓடுவதா, அரைகுறையாக ஓடுவதா என்பதே கேள்வி.

ஆகவே, திறன் மேம்பாட்டுத் துறை மதிப்பீட்டாளர்களைத் தானா ராத்தாவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் அனுப்பி, இங்குள்ள பட்டறையொன்றிலேயே பரீட்சையை நடத்த வேண்டும் என்பது என் யோசனை. கேள்விகளை மலாயில் கேட்கட்டும். பதிலைத் தமிழிலோ சீனத்திலோ சொல்ல அனுமதித்து, எழுத்துக் கோப்புக்கு ஈடாகக் கைவேலையை ஏற்றுக்கொள்ளட்டும். கேம் சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டி, முன்மூடியைப் பூட்டிவைத்த பழைய டீசல் என்ஜின் ஒன்றும், ஒரு டயல் கேஜும், ஒரு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலும் வினாத்தாளாக இருந்தால் போதுமானது. ஸ்டார்ட் செய்யாமலே குற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லச் செய்தால், மத்தியான்னச் சாப்பாட்டுக்கு முன்பே தேறியவர் யார், தேறாதவர் யார் என்று தெரிந்துவிடும்.