லாரி போகலாம், நாம் போகக் கூடாதா?

நம் ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டரில் செய்யப்படும் வண்டிகள் உலகமெல்லாம் போகின்றன. நம் ஊர்க்காரன் சொந்த வண்டியில் பக்கத்து நாட்டுக்குப் போக வழி இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் வந்தது. 2012-ல் டைம்லர் லாரி ஆலை வந்தது. அடுத்த வருடம் என்ஃபீல்டு புல்லட். ஒரகடத்தில் செய்த ஃபூசோ லாரிகளை 2013-லிருந்தே வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலில் வாங்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் நம் கார்களைக் கிரேன் வைத்துத் தூக்குவதில்லை. சாய்தளத்தின் மேல் ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டுக்கு நம் கார் இப்படிப் போகிறது. வேதாரண்யம் கரைக்கு எதிரே இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு நானும் என் மனைவியும் ஒரு வண்டியில் போக முடியாதாம்.

"இந்த வயசுல வண்டி ஓட்டிக்கிட்டு எதுக்கு சார்? டூர் பேக்கேஜ்ல ஃப்ளைட் ஏறிப் போயிட்டு வாங்களேன்" என்று ஒரு அலுவலகத்தில் எனக்கு அறிவுரை சொன்னார்கள். சொன்ன தம்பிக்கு முப்பது வயது இருக்கும். அவருக்குப் புரியாதது உங்களுக்குப் புரியும். நம் வயதில் பிரயாணம் என்றால் முதல் கவலை பார்க்கப்போகும் இடம் அல்ல, கழிப்பறை. இரண்டாவது, இன்சுலினை எங்கே குளிர்ச்சியாக வைப்பது. மூன்றாவது, மூட்டுவலிக்காரர் மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க எங்கே போவது. டூர் பஸ்ஸில் காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டு, இருபது நிமிடத்தில் நாலு கோயில் காட்டுவார்கள். அது இளவட்டங்களுக்கு.

இந்த மூன்று கவலைக்கும் ஒரே பதில் கேரவன். நம்மூரில் கேரவன் என்றால் சினிமா நடிகர் மேக்கப் போடும் வண்டி என்றுதான் நினைப்பு. படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு வேன், அவ்வளவுதான். அமெரிக்காவில் ரிட்டயர் ஆனவர்கள் இதில் ஏறி கனடா, மெக்சிகோ என்று மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நம் சட்டத்திலும் சொந்த உபயோகக் கேம்பர் வேனுக்குத் தனி வகை உண்டு. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அப்போது அவர்கள் காட்டிய முதல் வண்டி எதன் மேல் கட்டியது தெரியுமா? நம் ஒரகடத்து பாரத்பென்ஸ் சேசிஸ் மேல். மாடல் நம்பர் 1017. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் பிறந்த வருடமும் 1017. அவர் ஒரு நூலைத் தேடிக் காஷ்மீர் வரை நடந்தே போனார் என்று குருபரம்பரை சொல்கிறது. அந்தக் காலத்தில் வழியில் எத்தனை ராஜ்யம் இருந்திருக்கும்!

சரி, வண்டி தயார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது? நேபாளம் போகலாம். எல்லையில் 'பன்சார்' என்று நாள் கணக்குக்குப் பணம் கட்டினால் நம் நம்பர் பிளேட்டோடு விடுகிறார்கள். ஆனால் ரக்சௌல் எல்லையைத் தொடவே இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பூட்டான், இந்தியா, நேபாளம், வங்கதேசம் நான்கும் 2015 ஜூனில் திம்புவில் ஒரு வாகன ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடமே பூட்டானின் மேல்சபை அதை ஏற்க மறுத்துவிட்டது. மணிப்பூரின் மோரே வழியாக பர்மா, தாய்லாந்து என்று ஒரு நெடுஞ்சாலைக் கனவும் உண்டு. 2021-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023-ல் மணிப்பூரே பற்றி எரிந்தது. 1957-ல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு பஸ் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

நமக்குக் கிட்டத்தில் இருப்பது இலங்கைதான். 1914-லிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனார்கள். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1964 புயலில் தனுஷ்கோடி போயிற்று. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரால் நின்றது. நாற்பது வருடம் கழித்து, 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலைத் தொடங்கினார்கள். ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது! வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். மறுபடி 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு தொடங்கினார்கள். அதுவும் ஆள் ஏறும் கப்பல்தான், வண்டி ஏறாது.

வண்டி ஏற்றுவது முடியாத காரியமா? குஜராத்தில் கோகாவிலிருந்து ஹஜீராவுக்கு 2020 நவம்பர் முதல் லாரியும் காரும் ஏறும் கப்பல் ஓடுகிறது. கடல் தூரம் சுமார் 90 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை சுமார் 110. இருபது கிலோமீட்டர் வித்தியாசத்தில் அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போகுமா?

கடத்தல் நடக்கும், வண்டியை அங்கேயே விற்றுவிடுவார்கள் என்பார்கள். இலங்கையில் வாகன இறக்குமதிக்குக் கடுமையான வரி என்பது உண்மை. 2020-லிருந்து சில வருடம் இறக்குமதியையே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்காகத்தானே 'கார்னே' என்று ஒன்று இருக்கிறது? அது வண்டிக்கான பாஸ்போர்ட். வங்கி உத்தரவாதம் கொடுத்து வாங்க வேண்டும். வண்டி திரும்பாவிட்டால் சுங்க வரியை அந்த உத்தரவாதத்திலிருந்து வசூலித்துக்கொள்வார்கள். சரக்கு லாரிகள் சீல் வைத்தபடி நாடு விட்டு நாடு போக உதவும் டிஐஆர் உடன்படிக்கையில் இந்தியா 2017-ல் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர் தன் சொந்த வண்டியோடு இந்தியாவுக்குள் வர 2022-ல் தனி விதிகளே போட்டார்கள். சரக்குக்கு வழி உண்டு, வெள்ளைக்காரருக்கு வழி உண்டு. வரி கட்டி, பென்ஷன் வாங்கி, இருக்கும் கொஞ்ச வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு மட்டும் சந்தேகக் கண்ணா?

பாதுகாப்பு என்பார்கள். விமானத்தில் போய் இறங்கி, சர்வதேச லைசென்ஸ் காட்டி அங்கே வாடகைக் கார் ஓட்டலாம் என்கிறார்களே, அதே ஆள் தன் வண்டியில் வந்தால் மட்டும் ஆபத்தாகிவிடுவாரா? அங்கேயும் நம்மைப் போல இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வழி கேட்கத் தமிழ் போதும்.

பாலம் கட்டப்போகிறோம், பொறுங்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கட்டட்டும். ஆனால் எழுபது வயதுக்காரனிடம் பாலம் வரும்வரை பொறு என்பது, வராதே என்று மரியாதையாகச் சொல்வது. நான் பாலம் கேட்கவில்லை. தை முதல் புரட்டாசி வரை, வாரத்துக்கு ஒரு நாள், வண்டி ஏறும் ஒரு கப்பல். நாகப்பட்டினத்தில் சுங்கத்துக்கு ஒரு கவுண்டர். கார்னேக்கு முதியோருக்கு எளிதான ஒரு நடைமுறை. மூன்றே கோரிக்கை.

வல்லக்கோட்டை முருகனை அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடினார். அவரே கதிர்காமத்து முருகனையும் பாடினார். இங்கிருந்து நாகப்பட்டினம் முந்நூறு கிலோமீட்டருக்குள். கப்பல் ஏறி இறங்கினால் நல்லூர் கந்தசாமி கோயில். அங்கிருந்து நிதானமாக, படுத்து எழுந்து, சமைத்துச் சாப்பிட்டு, நாலு நாளில் கதிர்காமம். அந்த வழியை அங்கே பக்தர்கள் இன்றும் பாதயாத்திரையாக நடக்கிறார்கள். கால் இருக்கிறவர்கள் நடக்கட்டும். கால் போனவர்களுக்குச் சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்தை நம் ஊரிலேயே செய்கிறோம்.

இதைப் படிக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் எம்.பி.க்கு ஒரு தபால் எழுதுங்கள். பேரனிடம் கொடுத்து ஈமெயில் அனுப்பச் சொன்னாலும் சரி. லாரிக்குத் திறக்கும் கதவைப் பெரியவர்களுக்கும் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.