தாத்தா பெயர் தொட்டிலோடு சரி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. எந்த வட்டம் என்பது முக்கியமில்லை; குழந்தை பிறந்து முப்பது நாள் ஆன பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. கூடத்துக் கொக்கியில் புதுச்சேலையில் தூளி கட்டியிருக்கிறார்கள். அத்தைக்காரி குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை தாத்தாவின் பெயரைச் சொல்கிறாள். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த தாத்தாவுக்குக் கண் கலங்குகிறது. எல்லாரும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்கள். பந்தி எழுவதற்குள் பக்கத்து இலைக்காரர் குழந்தையின் அப்பாவிடம் விசாரிக்கிறார். “பேரு கொளஞ்சியப்பனா?” அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “அது சாங்கியத்துக்குங்க. சர்ட்டிபிகேட்ல வேற பேரு.”

அந்த வேறு பெயர் தயாரான கதை தனி. குழந்தை ரோகிணி நட்சத்திரம்; ஆகவே ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும். அடுத்து எண்கணிதக்காரர் வருகிறார். அவருக்குத் தமிழ் எழுத்து கணக்கில் இல்லை. ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, எண் இடிக்கிறது என்று நடுவில் ஓர் ‘எச்’சைச் செருகுகிறார். கடைசியில் பிறப்பது வியான்ஷ் போன்ற ஒரு பெயர். தாத்தாவால் அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அவருக்கு மரியாதை செய்தாகிவிட்டது என்று வீடு முழுக்க நம்புகிறது.

‘பேர் சொல்ல ஒரு பேரன்’ என்ற சொல் தமிழ்நாட்டில் கேட்காத காது இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் குலம் விளங்கும், அதுவே ஆதிகாலத்துத் தமிழ் மரபு, வைக்காதவன் பெரியவர்களை மதிக்கத் தெரியாதவன் என்பது அதன் உள்ளுறை. மூன்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது, பேத்தி பெயர்த்தியிலிருந்து வந்தது என்பது சரிதான். வழக்கம் பழையது, அதில் சண்டை இல்லை. பல்லவர்களில் இரண்டாம் மகேந்திரவர்மன் முதலாம் மகேந்திரவர்மனின் பேரன். சோழர்களில் சுந்தர சோழன் தன் தாத்தாவின் பெயரைத் தாங்கியதால்தான் இரண்டாம் பராந்தகன். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சுந்தர சோழனின் இளைய மகனுக்குத் தாத்தா அரிஞ்சயனின் பெயர் வைக்கப்படவில்லை. அவனுக்கு அருண்மொழி என்று பெயர் வைத்தார்கள். தாத்தா பெயர் கிடைக்காத அந்தப் பேரன்தான் பின்னால் ராஜராஜன் ஆனான். குலம் விளங்காமல் போய்விடவில்லை.

மரபு என்று நெஞ்சைத் தட்டுகிறவர்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கவனிப்பதில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே மரபுதான். பெற்றவளும் அவள், பால் கொடுத்து, தாலாட்டி, நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறவளும் அவள். தாத்தா பெயர் வைத்த பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘ராஜா’, ‘தம்பி’, ‘சாமி’, ‘ஐயா’ என்று வாய்க்கு வந்த பெயர் ஒட்டிக்கொள்ளும். பேத்திக்கு மாமியார் பெயர் என்றால் ‘பாப்பா’. அறுபது வயதிலும் ஊரில் ‘பாப்பா’வாகவே இருக்கிற பாட்டிகள் எத்தனை பேர்! வாழ வேண்டும் என்று வைத்த பெயரைப் பெற்றவள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இதைவிட விசித்திரமான மரியாதை வேறெங்கும் உண்டா?

உண்டு, ஆனால் நேர்மையாக உண்டு. சீனத்தில் முன்னோரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதே அவமரியாதை. பெரியவரின் பெயரெழுத்தைத் தொடாமல் விலகிப்போவதுதான் அங்கே மதிப்பு. யூதர்களில் கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகள் உயிரோடு இருக்கிற உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். அதே மதத்து செபார்திகள் உயிரோடிருக்கும் தாத்தா, பாட்டி பெயரை ஆசையாக வைக்கிறார்கள். ஒரே வேதத்தை ஓதுகிற இருவருக்கே மரியாதை நேரெதிர்த் திசைகளில் இருக்கிறது என்றால், அது பெயருக்குள் இல்லை. அவரவர் பழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் காரமானது. எந்தத் தாத்தா?

குலம், வம்சம் என்று பேசும்போது தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவைப் பெற்ற தாத்தா ஒருவரைத்தான் நினைக்கிறார்கள். அம்மாவைப் பெற்றவர் பிரசவச் செலவு பார்த்து, சீர்த்தட்டு தூக்கி வந்து, மோதிரம் போட்டு, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய பெயரும் ஒரு பெயர்தானே என்று யாருக்கும் தோன்றாது. பக்கத்துக் கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயஸ்தர்கள்: மூத்தவனுக்கு அப்பாவழித் தாத்தா, இளையவனுக்கு அம்மாவழித் தாத்தா என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இங்கே இனிஷியலும் அப்பாவுடையது, தாத்தாவும் அப்பாவுடையவர்.

பெயரின் மேல் உரிமை கொண்டாடுவது எதுவரை போகும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். ஆந்திரத்தில் கணவனை இழந்த ஒரு தாய் மறுமணம் செய்துகொண்டார். இறந்த மகனின் குழந்தைக்குத் தங்களையே காப்பாளராக்க வேண்டும் என்று தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றப் படி ஏறினார்கள். பழைய குடும்பப் பெயரைத் திரும்ப வைக்கவும், புதுக் கணவரை ஆவணங்களில் மாற்றாந்தந்தை என்று குறிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படிக் குறிப்பது கொடுமை, அது குழந்தையின் மனத்தைப் பாதிக்கும் என்றது. குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. பேரன் மேல் பாசம் இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கு பேரனை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

இனி ‘ஆதிகாலத்து மரபு’. கடலூர் மாவட்டத்துப் பழைய வாக்காளர் பட்டியலை ஒருமுறை புரட்டினால் போதும். இந்த மண்ணில் பெயர் எத்தனை வழியாக வந்தது என்று தெரியும். விருத்தாசலம் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொளஞ்சி. ஸ்ரீமுஷ்ணத்தால் பூவராகன். திருவந்திபுரத்தால் தேவநாதன். வடலூர் வள்ளலாரால் ராமலிங்கம், ஜோதி. சாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குச் சாமி பெயர். அங்கே தாத்தாவுக்கு இடமில்லை. முன்னே பிறந்தவை தங்காமல் போனால் பிழைத்ததற்குக் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் போதும்பொண்ணு, வேண்டாம். மரபு மரபு என்பவர்கள் இந்த மரபையும் சேர்த்துத் தூக்கிச் சுமப்பார்களா?

கடலூரின் அஞ்சலை அம்மாள் குடும்பத்தைப் பார்க்கலாம். 1927இல் சென்னையில் நீல் துரையின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு சிறைக்குப் போனவர் அவர். அந்தச் சிறுமியைக் காந்தி வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் மாற்றினார். பின்னொரு முறை அஞ்சலை அம்மாள் நிறைசூலியாகச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, பெற்றெடுத்த கையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன். அதுவே ஜெயவீரன் ஆயிற்று. குலத்தின் வரலாறு பெயரில் இருக்க வேண்டும் என்றால் இதுவல்லவா இருப்பது? பெற்றவள் பட்ட பாடு அப்படியே பிள்ளையின் பெயரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே தாத்தா பெயரைத் துணிந்து தாண்டிப் போனது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இருவரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1953 மார்ச்சில் பிறந்த மகனுக்கு அய்யாதுரை என்று வைக்க நினைத்திருந்த கருணாநிதி, சோவியத் தலைவர் இறந்த செய்தி வந்ததும் ஸ்டாலின் என்று வைத்தார். பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றுகூடப் பெயர் வைத்தார். அவற்றில் எல்லாம் ரசனை இருந்தது என்று சாதிக்க வேண்டியதில்லை. பெயரை யோசித்து வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெருவாரியானவர்கள் விட்டார்கள். பத்திரத்தில் படையாச்சி, முதலியார், ரெட்டியார் என்று வாலோடு இருந்த தாத்தாவின் பெயர், பேரனிடம் வாலில்லாமல்தான் வந்து சேர்ந்தது. நல்ல வேளை. தாத்தா பெயரை அப்படியே காக்கிறோம் என்கிறவர்களும் முக்கால் நூற்றாண்டாக அதை வெட்டித்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டியதால் எந்தக் குலமும் அழியவில்லை.

மரபை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். சுப்பிரமணியன் மகன் சு. முருகேசன். அவர் மகனுக்குத் தாத்தா பெயர்: மு. சுப்பிரமணியன். அவர் மகனுக்கும் தாத்தா பெயர்: சு. முருகேசன். இப்போது தாத்தாவும் பேரனும் பெயர், இனிஷியல் மட்டுமல்ல, ‘தந்தை பெயர்’ கட்டத்தில்கூட ஒன்றேதான். வேறு ஊரில் இது வெறும் வேடிக்கை. நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் இது வேடிக்கை இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும்போது பேசுவது பட்டாவில் உள்ள பெயர். இழப்பீடு யாருக்கு, வேலை கேட்கும் உரிமை யாருக்கு, வாரிசுச் சான்றில் உள்ள முருகேசன் இறந்தவரா இருப்பவரா என்ற கேள்விகளுக்குக் காகிதம் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு, நிலத்தில் பெயர் என்பது எவ்வளவு கனமான சமாச்சாரம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உண்டு. குறையைச் சீட்டில் எழுதி, பெயரும் ஊரும் போட்டுச் சாமி முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். சான்றிதழில் வியான்ஷ், தூளியில் கொளஞ்சியப்பன், வீட்டில் ராஜா என்று மூன்று பெயரோடு வளரும் பிள்ளை ஒருநாள் அங்கே பிராது கட்டப் போனால் எந்தப் பெயரைப் போடும் என்பது கொளஞ்சியப்பருக்கே வெளிச்சம்.

நெய்வேலியில் தாத்தா பெயரைப் பற்றிப் பேசுவதில் வேறொரு நியாயமும் இருக்கிறது. 1956இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த பிறகு, இங்கே வந்தவர்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்தவர்கள். குடியிருப்புக்கு வட்டம் என்ற எண், வீட்டுக்கு ஓர் எண், ஆளுக்கு ஒரு பணியாளர் எண். ஓய்வு பெற்ற பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாசலில் வேறொருவர் பெயர்ப் பலகை ஏறும். ஊரே எண்ணாக இருக்கும் இடத்தில் சொந்தப் பெயர் ஒன்றையாவது பிடித்துக்கொள்ள மனசு தவிப்பது இயற்கை. அந்தத் தவிப்பைக் கேலி செய்ய முடியாது. ஆனால் தூளியில் மூன்று முறை சொன்னால் அது தீரும் என்பதுதான் பொய்.

ஜம்புலிங்க முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது வந்த கறுப்புப் பொருளை என்னவென்று பார்க்கும்படி அரசாங்கத்தை நச்சரித்தவர், பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர். நெய்வேலியில் அவர் பெயர் தெரிகிறது என்றால், ஏதோ ஒரு பேரனுக்கு அதை வைத்தார்கள் என்பதால் அல்ல. அவர் செய்தது என்ன என்று ஊர் சொல்லிக்கொண்டே இருப்பதால். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் தாத்தா பெயரைத் தாங்கியவர்களை நிறுத்தி, தாத்தா சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார், எந்த ஷிப்ட், எந்த ஊரை விட்டு வந்தார் என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? பாட்டியின் பெயரைக் கேட்டால் ‘பாட்டி’ என்றே பதில் வரும்.

பெயர் வைப்பதில் அவசரம் ஒன்றும் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் எண்கணிதக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு தாத்தாக்களையும் இரண்டு பாட்டிகளையும் உட்கார வைத்து அவர்கள் சொல்வதை எழுதுங்கள். எழுதி முடித்த பிறகும் தாத்தா பெயரையே வைக்கத் தோன்றினால் தாராளமாக வையுங்கள். வைத்தால் சான்றிதழிலும் அதையே எழுதுங்கள். மருமகளையும் வாய்விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.